தோற்ற கருவியும் தோலாத கலையும்

சந்தையில் தோற்றுப்போனவற்றின்மீது நமக்குத் தனிப் பரிவு ஒன்று பிறந்துவிடுகிறது. விலைபோகாத காரணத்தாலேயே அது உயர்ந்தது என்று எண்ணத் தொடங்கிவிடுகிறோம். பழமை ஏக்கம் விளைவிக்கும் இம்மயக்கத்தை விலக்கிவிட்டு நோக்கினாலும், வீடியோ விளையாட்டு உலகில் மீண்டும் எடுத்துப் பார்க்கத்தக்க படைப்பு ஒன்று உண்டு. 'ஷென்மூ' என்பது அதன் பெயர்.

ஜப்பானின் சேகா நிறுவனம் 1998 நவம்பரில் டிரீம்காஸ்ட் என்னும் கருவியை வெளியிட்டது. 2000 மார்ச்சில் அங்கு வெளிவந்த சோனியின் பிளேஸ்டேஷன் 2, டிவிடி படங்களையும் காட்டவல்லதாய் இருந்தது. பலரும் அதற்கெனவே காத்திருந்தனர். சாட்டர்ன் என்ற முந்தைய கருவி தந்த இழப்பினின்று மீளாத சேகா, 2001 ஜனவரியில் டிரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டு மார்ச்சில் மறைந்த அதன் தலைவர் இசாவோ ஓகாவா, நிறுவனம் தமக்குத் தரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்துவிட்டே கண்மூடினார்.

அக்கருவிக்காகப் பெரும் பொருட்செலவில் யூ சுசூகி உருவாக்கிய 'ஷென்மூ' 1999 டிசம்பரில் வெளிவந்தது. கதை எளியது. 1986ஆம் ஆண்டு, யோகோசூகா நகரில், ரியோ என்னும் இளைஞனின் கண்முன்னே அவன் தந்தை கொலையுண்கிறார். கொலைஞன் லான் டியைத் தேடிப் பழிதீர்க்கப் புறப்படுகிறான் மகன்.

பழிவாங்கும் கதைகள் நமக்குப் புதியன அல்ல. புதுமை, கதை சொல்லப்படும் முறையில் உள்ளது. கடை திறக்கும் நேரம் வரும்வரை ரியோ காத்திருக்க வேண்டும். துப்பு வேண்டுமாயின் அண்டை வீட்டாரிடம் பணிவுடன் வினவ வேண்டும். கைப்பணத்திற்கென வீட்டு மூதாட்டி வைத்துச் செல்லும் 500 யென் அவன் நாளை நடத்துகிறது. துறைமுகத்தில் அவன் நாள்தோறும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிப் பெட்டிகளை அடுக்குகிறான். கொலைஞனின் கார் மோதித் தாயை இழந்த பூனைக்குட்டி ஒன்றுக்கு அவன் உணவளிக்கலாம், கட்டாயம் ஏதுமில்லை. விரைவையே விற்றுவந்த ஒரு தொழிலில், பொறுமையை விளையாட்டாக்கிய துணிவு இது.

ஆயினும் இப்படைப்பின் உயிர்நாடி அதன் முரண்பாட்டில்தான் இருக்கிறது. உன் அன்பர்களை அருகில் வைத்துக்கொள் என்பதே இறக்கும் தந்தையின் அறிவுரை. மகனோ அதற்கு நேர்மாறாக நடக்கிறான். தன்னை நேசிக்கும் நோசோமி கனடா செல்லவிருப்பதைச் சொல்லும்போதும் அவன் நெஞ்சம் லான் டியையே சுற்றிவருகிறது. கதை அவனைப் பழியை நோக்கி இழுக்கிறது; தெருக்களோ, இங்கேயே இரு, இம்மனிதரைப் பார் என்கின்றன. அவன் ஹாங்காங்குக்குக் கப்பலேறும்போது நமக்கு எஞ்சுவது வெற்றியின் களிப்பன்று. விட்டுச் சென்றவற்றின் பாரமே.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஆங்கிலக் குரல்பதிவு மரம்போல் விறைத்து நிற்கிறது. ரியோவைத் திருப்பி நடத்துவதே ஒரு போராட்டம். காத்திருப்பு சில இடங்களில் பொருள்பொதிந்த அமைதியாகாமல் வெறும் சலிப்பாகவே முடிகிறது. தோற்ற கருவியின் படைப்பு என்ற இரக்கத்தால் இவற்றை மறைப்பது திறனாய்வாகாது.

ரசிகர்கள் கதையின் முடிவைக் கேட்டுக்கொண்டே இருந்தனர். 2015இல் மக்களிடம் நிதி திரட்டி, 2019இல் மூன்றாம் பாகம் வெளிவந்தது. அதிலும் கதை முடிவுறவில்லை. இதைப் பெருங்குறையென்பார் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. லான் டி வீழ்ந்தாலும் தந்தை திரும்பப்போவதில்லை. யோகோசூகாவின் அந்தக் குளிர்காலத்தில், பூனைக்குட்டியின் முன் குனிந்திருந்த அச்சில நொடிகளில்தான் ரியோ தந்தையின் சொல்லைக் காத்தான். அதை அவன் அறியவில்லை. விளையாடிய நாமாவது அறிந்துகொண்டோமா?