சிவசம்புவின் சிட்டை

வடநாட்டில் தொழில் செய்து வாழும் நமக்கு இந்தி என்பது கடைத்தெருப் பேச்சு. நம்ம பிள்ளைகளுக்கோ பரீட்சைப் பாடம். அந்தப் பாடத்துக்குள்ளேயே ஒரு பெரிய எழுத்தாளர் உட்கார்ந்திருப்பதை நாம் கவனிப்பதில்லை. 11-ஆம் வகுப்பு இந்திப் பாடநூலான 'ஆரோஹ்' தொகுப்பில் இடம்பெற்ற 'விதாயி சம்பாஷண்' (பிரிவுரை) எழுதிய பால்முகுந்த் குப்தரைத்தான் சொல்கிறேன்.

குப்தர் 1865-இல், இன்றைய ஹரியானாவைச் சேர்ந்த குடியானி கிராமத்தில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் உருதுப் பத்திரிகைகளின் ஆசிரியர். பிறகு காலாகாங்கரிலிருந்து வந்த 'ஹிந்தோஸ்தான்' நாளிதழில் மதன்மோகன் மாளவியாவோடு வேலை பார்த்தார். அரசாங்கத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதுகிறார் என்று 1891-இல் வேலை போயிற்று. அதற்காகப் பேனாவை மூடி வைத்தாரா? இல்லை. கல்கத்தாவுக்கு வந்து 'ஹிந்தி பங்கவாசி'யிலும், 1899 முதல் 'பாரத் மித்ர'விலும் எழுதினார். 1907-இல் காலமானபோது வயது 41-தான்.

'பாரத் மித்ர'வில் 1903 முதல் 1905 வரை வைஸ்ராய் கர்சன் பிரபுவுக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதங்களே 'சிவசம்பு கே சிட்டே'. கடிதம் எழுதுபவர் சிவசம்பு சர்மா என்ற கற்பனைப் பிராமணர். பங்கு குடித்த மயக்கத்தில் கனவு காண்பவர். போதைக்காரன் பேச்சுக்கு யார் வழக்குப் போடுவார்கள்? 1897-இல் திலகர் ராஜத்துரோகக் குற்றத்துக்குச் சிறை போன காலத்தை நினைத்தால் அந்த முகமூடியின் அவசியம் புரியும்.

தலைப்பைப் பாருங்கள். இந்தியில் 'சிட்டி' என்றால் கடிதம். 'சிட்டா' என்றால் கடிதமும் ஆகும், கணக்கும் ஆகும். நம் கடைகளில் சிட்டை என்று சொல்கிறோமே, அதற்கு உறவுச் சொல். வணிகர் வீட்டுப் பிள்ளை கர்சனுக்கு எழுதியது கணக்கேதான் என்பது என் துணிபு. முதல் கடிதத்திலேயே அவர் கேட்பது: விக்டோரியா நினைவு மண்டபமும் தில்லி தர்பாரும் கடமையா, வெறும் காட்சியா? எந்தப் பக்கத்தில் பற்று எழுதுவது? மைதானத்தில் நிற்கும் துரைமார் சிலைகள் பறவைகள் சற்று இளைப்பாறும் இடம், அவ்வளவுதான் என்று ஒரு குத்தும் வைக்கிறார். அந்தச் சிலைகளில் பல பின்னாளில் பாரக்பூருக்குப் போய்ச் சேர்ந்தன. கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பிரிக்கிறார். முன்னது நேரே சாடுவது. பின்னது பழியை மறைத்து வைத்துப் பேசுவது. தொண்டைமானின் மின்னும் படைக்கலங்களை ஔவையார் புகழ்ந்த புகழ்ச்சி இரண்டாம் வகைக்கு நாம் அறிந்த சான்று. குப்தரும் 'மை லார்ட்' என்று குனிந்து இந்த வகையில்தான் தொடங்குகிறார். வங்கப் பிரிவினை வந்ததும் குரல் மாறுகிறது. நாதிர் ஷா கூட ஆசப் ஜா கெஞ்சியதும் தில்லிப் படுகொலையை நிறுத்தினான். 8 கோடி மக்கள் கெஞ்சியும் நீங்கள் இரங்கவில்லையே என்று நேரே கேட்கிறார். இது செம்பொருள்.

பிரிவுரையில் இரண்டும் கலக்கின்றன. படைத் தளபதி கிச்சனரோடு ஏற்பட்ட தகராறில் 1905-இல் கர்சன் பதவி விலகினார். ஊரே கொண்டாடும் நேரம். சிவசம்புவோ தன் இரண்டு மாடுகளின் கதையைச் சொல்கிறார். வலுத்த மாடு இளைத்ததை முட்டித் தள்ளும். அந்த முரட்டு மாட்டைப் புரோகிதருக்குக் கொடுத்து அனுப்பிய அன்று, முட்டு வாங்கிய மாடு புல்லைத் தொடாமல் பட்டினியாக நின்றதாம். இந்த நாட்டில் மாடுகளுக்கே பிரிவுத் துயர் இப்படி என்றால், மனிதருக்கு?

இது அடிமைப் புத்தி அல்லவா என்று சிலர் கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. திட்டியிருந்தால் கர்சனும் குப்தரும் சமம் ஆகியிருப்பார்கள். இரங்கியதால் குடிமகன் மேலே நிற்கிறான், வைஸ்ராய் கீழே. வசைக்குப் பதில் வசை உண்டு. இரக்கத்துக்குப் பதில் கிடையாது.

குறையும் சொல்ல வேண்டும். அவருடைய நையாண்டிக் கவிதைகள் ஜோகீடா, டேசூப் பாட்டுகளின் மெட்டைப் பிடித்தவை. அன்றைய செய்தி தெரியாதவனுக்கு இன்று பாதிதான் புரியும். 'ஆத்மாராம்' என்ற பெயரில் மகாவீர் பிரசாத் துவிவேதியோடு ஒரு சொல்லின் இலக்கணத்துக்காக நடத்திய சண்டையில், சிவசம்புவிடம் உள்ள இரக்கத்தைக் காணோம். ஆள்பவனிடம் காட்டிய நிதானம் சக எழுத்தாளனிடம் தவறிவிட்டது.

ஆனாலும் உரைநடை நிற்கிறது. உருதுவின் சரளமும் கடைத்தெரு இந்தியும் சேர்ந்த நடை அது. பாரதியாரின் 'இந்தியா' வார இதழ் 1906-இல் சென்னையில் கேலிச் சித்திரங்களோடு கிளம்பியதை அறிந்த நமக்கு, அதே காலத்தில் கல்கத்தாவில் இன்னொரு பத்திரிகைக் கவிஞர் அதே அரசைச் சிரிப்பால் அளந்தார் என்பது தெரிய வேண்டாமா? வீட்டில் பழைய 'ஆரோஹ்' கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் அந்தப் பாடத்தைப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கூட உட்கார்ந்து கேளுங்கள். நமக்குத் தெரிந்த இந்தியே போதும்.