மறைந்திருப்பவர் யார்?

கிரெகரி ஹோப்லிட் இயக்கி 2008ஆம் ஆண்டு வெளிவந்த ஹாலிவுட் திரைப்படம் 'அன்ட்ரேசபிள்'. தடம் காண முடியாதது என்பது அத்தலைப்பின் பொருள். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஒருவன் மனிதர்களைக் கடத்திவந்து, அவர்கள் சாவதை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்புகிறான். பார்ப்போர் தொகை பெருகப் பெருகக் கொலைக் கருவியின் வேகமும் கூடும். அவனைத் தேடும் எஃப்.பி.ஐ. அதிகாரி ஜெனிஃபர் மார்ஷாக டயேன் லேன் நடித்துள்ளார்.

அரபியர் அஃப்லாத்தூன் என்றழைக்கும் பிளேட்டோ, தம் 'குடியரசு' நூலில் ஒரு மோதிரக் கதையைச் சொல்வார். அதனை அணிந்து பிறர் கண்ணுக்கு மறைந்த இடையன் ஒருவன் அரசனைக் கொன்று நாட்டைக் கைப்பற்றினான். எவரும் காணாதபோதும் மனிதன் நீதியோடு நடப்பானா என்பதே அக்கதை எழுப்பும் வினா. அதே வினாவை இப்படம் இணையத்திடம் கேட்கிறது. ஆனால், மோதிரத்தைக் கொலைகாரன் விரலில் மட்டுமே அது தேடுகிறது என்பது நம் முதற்குறை.

உண்மையில் மோதிரம் அணிந்தவர்கள் பார்வையாளர்கள். பார்ப்பவரும் கொலைக்கு உடந்தை என்று அதிகாரிகள் எச்சரித்த பின்னரே கூட்டம் மேலும் திரள்கிறது. அவர்களில் ஒருவரது வீட்டுக்குள்ளேனும் படப்பிடிப்புக் கருவி நுழைந்ததா? இல்லை, அவர்கள் வெறும் எண்களாகவே நின்றுவிடுகின்றனர். மாறாக, பலியாவோரின் வேதனையை அது நெடுநேரம் காட்டுகிறது. கண்டிக்க வந்த பண்டத்தையே கட்டணம் பெற்று விற்கிறது எனலாம். கொலைகாரன் வீழ்ந்தபின், இக்காட்சியை எங்கே பதிவிறக்கலாம் என ஒருவர் கேட்கும் இறுதிக் கணம் மட்டும் நெஞ்சைத் தைக்கிறது.

அக்கேள்வி வெறும் கற்பனையாக நிற்கவில்லை. 2019 மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், தன் வெறிச்செயலை ஃபேஸ்புக்கில் நேரலையாக்கினான். அந்நிறுவனத்தின் கணக்குப்படி, நேரலையில் கண்டோர் 200 பேருக்கும் குறைவு. ஆயினும் முதல் 24 மணி நேரத்தில் அது அகற்றிய பிரதிகள் ஏறத்தாழ 15 இலட்சம். அவற்றுள் 12 இலட்சத்துக்கு மேற்பட்டவை பதிவேற்றும்போதே தடுக்கப்பட்டவை. நீக்கும் மென்பொருளை ஏமாற்ற, பலர் அதனை வெட்டியும் மாற்றியும் ஏற்றினர். கொலைகாரன் தன்னை மறைக்கவில்லை. பரப்பியவர்களில் பெரும்பாலோரை நாம் அறியோம். படம் தவறவிட்ட உண்மை இதுவே.

இதனால் பெயர் மறைத்தலே தீது என்று முடிவு கட்டலாகாது. இடக்கை அறியாமல் வலக்கை ஈயும் தருமமும், கொடுங்கோலுக்கு அஞ்சிப் பெயர் மறைத்து உண்மை உரைப்பதும் அம்மறைவில்தான் நிகழ்கின்றன. மறைவு எவரையும் புதிதாகப் படைப்பதில்லை. உள்ளே இருப்பவரை வெளிக்கொணர்கிறது. ஆகவே, தொழில்நுட்பத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நாம் விடுபட்டுவிட முடியாது.

பார்வையைத் தாழ்த்துதல் என்னும் ஒழுக்கத்தை ஆண், பெண் உறவோடு மட்டும் இணைத்துப் பேசுவது வழக்கம். பிறர் மரணம் கைப்பேசித் திரையில் வந்து நிற்கும்போதும் அது நம்மேல் கடமையாகிறது. கொல்லப்பட்டவருக்கும் மானம் உண்டு. அவர் குடும்பத்தாருக்கும் கண்கள் உண்டு. எவரும் காணாத அறையில், அனுப்பும் பொத்தானைத் தொடாமல் விலகும் விரலே அந்த மானத்தைக் காக்கிறது.