பூச்சிச் சிவப்பை மறுபடி காய்ச்சுதல்

பழைய ஐரோப்பிய ஓவியங்களின் சிவப்பு நிறமிகளை ஏடுகளில் உள்ள செய்முறைப்படி மறுபடி காய்ச்சிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் எளிய வழியில் போகிறார்கள். உலர்ந்த கொச்சினியல் பூச்சியை இடித்து வெந்நீரில் சாறெடுத்து, படிகாரம் கரைத்து, காரநீரைச் சிறுகச் சிறுக விட்டால் நுரை பொங்கிச் செந்நிறப் படிவு அடியில் தங்கும். கழுவி உலர்த்தினால் அழகான நிறமி. ஆனால் 15ஆம் நூற்றாண்டு ஓவியன் கையாண்டது இது அல்ல.

மெக்சிகோவின் கொச்சினியல் 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவை எட்டியது. அதற்கு முன் கெர்மெஸ் பூச்சி, இந்தியாவிலிருந்து போன அரக்கு போன்றவைதான். இன்று கெர்மெஸ் கிடைப்பது அரிது என்பதால் கொச்சினியலை வைத்தே சமாளிக்கிறார்கள். இனம் மாறினால் என்ன ஆகும் என்பது சென்னைக்குத் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கொச்சினியல் வளர்க்கச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். வந்து சேர்ந்ததோ மட்டமான காட்டுப் பூச்சி. சாய வணிகம் தேறவில்லை, தென்னிந்தியாவின் ஒருவகைச் சப்பாத்திக்கள்ளி அழிந்ததுதான் மிச்சம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அன்றைய செய்முறைகள் பலவற்றில் பூச்சியே கிடையாது. சாயம் தோய்த்த கம்பளித் துணியைச் சமன்செய்யும்போது உதிரும் துகளைச் சாம்பல் காரநீரில் கொதிக்கவிடுவார்கள். கம்பளியே கரைந்து சாயத்தை விடும், பிறகு படிகாரம். நெசவுத் தொழிலின் கழிவு ஓவியக்கூடத்தின் மூலப்பொருள் ஆயிற்று. பழைய ஓவியத் துகள்களில் கந்தகமும் புரதமும் தென்படுவதை இந்தக் கம்பளி விளக்குகிறது. நாற்றமடிக்கும் இந்த வழியில் காய்ச்சுபவர்களின் உழைப்பையே நான் ஆய்வு என்று மதிப்பேன். படிகாரத்தில் இரும்பு கலந்தால் சிவப்பு மங்கும் என்பதையும், ஏடு சொல்லாத அளவுகளையும் கை படாமல் கற்க முடியாது.

தூரிகை கற்பிப்பதும் உண்டு. எண்ணெயில் அரைத்த இந்த நிறமி எளிதில் காயாது. அந்நாளைய ஓவியர் சிலர் அதில் கண்ணாடித்தூள் சேர்த்தது ஏன் என்பது பூசிப் பார்ப்பவருக்கு விளங்கும். கணினி இதைக் காட்டாது. ஆனால் இந்தச் சிவப்பு வெளிச்சத்தில் வெளிறுவதைக் காட்டுவதில் கணினி முந்திக்கொண்டது. ரெனுவார் 1883இல் தீட்டிய மேடம் கிளாப்பிசோன் ஓவியத்தில் சட்டம் மறைத்த ஓரத்தில் மட்டும் கொச்சினியல் சிவப்பு மங்காமல் இருந்தது. 2014இல் சிகாகோ கலை நிறுவனம் முழு ஓவியத்தின் ஆதி நிறத்தையும் கணினியில் மீட்டுக் காட்டியது. காய்ச்சுபவர்களோ அன்றே உலர்ந்த பளபளப்பைப் படமெடுத்துவிட்டு நகர்கிறார்கள். அதே தொகுதி நிறமியை ஒரு பலகையில் பூசி மாதக்கணக்கில் வெளிச்சத்தில் வைத்து, இருட்டில் வைத்த மறுபலகையோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிய செலவும் இல்லை.