மைனியின் 28 மதிப்பெண்

எங்க மைனிக்கு 100-க்கு 28. பரீட்சை இல்லை. தலைசுற்றல் ஒருவரின் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று அளக்கும் கேள்வித்தாள். 'டிஸ்ஸினஸ் ஹேண்டிகேப் இன்வென்டரி' என்று பெயர். 1990-இல் ஜேக்கப்சனும் நியூமனும் வெளியிட்டது. 25 கேள்விகள். ஆமாம் என்றால் 4, சில நேரம் என்றால் 2, இல்லை என்றால் 0. நான் தமிழில் வாசித்துக் கேட்டேன். நாலு ஆமாம், ஆறு சில நேரம், மீதி 15-ம் இல்லை. கூட்டினால் 28, அதாவது லேசான பாதிப்பு.

மைனிக்கு இருப்பது வெஸ்டிபுலர் மைக்ரேன், ஒற்றைத் தலைவலியின் ஒரு வகை. தலை வலிக்காமலேகூடச் சுற்றும். 2012-இல் வகுத்த வரையறைப்படி ஒரு தடவை வந்தால் 5 நிமிடத்தில் போகலாம், 72 மணி நேரமும் நிற்கலாம். வெளிச்சம், சத்தம் ஆகாது.

தோவாளையில் மைனி பூ கட்டிக்கொண்டிருந்தவர். பிச்சிப்பூ மணமும் குனிந்த தலையும் சேர்ந்தால் சுற்றல் வந்துவிடும் என்று அதை விட்டு இரண்டு வருஷமாகிறது. வேலை செய்யச் சிரமமா என்று கேட்டேன். "இல்ல." இருட்டில் நடக்க? "ராத்திரி நான் எதுக்கு முத்தத்துல எறங்கப் போறேன் தம்பி?" அதுவும் இல்லை. சூப்பர் மார்க்கெட் கேள்விக்குச் சிரித்தே விட்டார்.

என் குறை இதுதான். நோய்க்குப் பயந்து வாழ்க்கையைச் சுருக்கச் சுருக்க, மதிப்பெண் குறைந்துகொண்டே போகிறது. பயணத்தைக் குறைத்தீர்களா, உயரத்தைத் தவிர்க்கிறீர்களா என்றும் அந்தத் தாள் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் தவிர்ப்பது பழக்கமாகிவிட்டால் அது தவிர்ப்பாகவே தெரிவதில்லை. "எனக்கு எங்க போகதுக்கு இருக்கு?" என்பார்கள்.

பழைய தாளை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. அது எல்லா வகைத் தலைசுற்றலுக்கும் பொதுவாகச் செய்தது. இந்த நோய்க்கென்றே 'விஎம்-பதி' என்ற அளவுகோலை அமெரிக்காவில் ஜெஃப்ரி ஷரோன் குழுவினர் உருவாக்கியிருக்கிறார்கள். தலைசுற்றலோடு மைக்ரேன் தரும் தொல்லைகளையும் அது சேர்த்துக் கேட்கிறது, மருந்துச் சோதனைகளிலும் பயன்படுகிறது. நல்ல முன்னேற்றம். ஆனாலும் எந்தத் தாளானாலும், இன்றைக்குச் செய்யும் காரியங்களை வைத்து மட்டும் அளந்தால், ஏற்கெனவே கைவிட்டவை கணக்கில் வராது.

ஒருத்தர் கதையை வைத்து அளவுகோலைத் தள்ளிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். நான் கேட்பது முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: "முன்னால் செஞ்சு, இப்பம் விட்டது என்னென்ன?"

மைனியிடம் கேட்டேன். பூ கட்டு, சுசீந்திரம் தேர், அண்ணன் பைக்குக்குப் பின்னால் இருந்து போவது. சொல்லிவிட்டு, "இதுக்கு எத்தன மார்க்கு தம்பி?" என்றார்.

28-க்குக் கீழே அந்த மூன்றையும் எழுதி டாக்டரிடம் கொடுத்தோம்.