மேடை உடம்பும் மூட்டை உடம்பும்

‘சார்பட்டா பரம்பரை’ (2021) படத்தை நெருக்கடி நிலை, சாதி, திராவிட அரசியல் என்று பலவாறு வாசித்தாயிற்று. படம் முழுக்கத் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆண் உடம்பைப் பற்றிப் பேச்சு குறைவு. கபிலன் துறைமுகத் தொழிலாளி. ஆனால் அவன் உடம்பு அர்த்தம் பெறுவது மூட்டைக்கடியில் அல்ல, குத்துச்சண்டை மேடையில். அது கெடுவது சாராயத்தால். மீள்வது பயிற்சியால், மனஉறுதியால். அவமானம்தான் அவனைக் குடிக்குத் தள்ளியது என்று படம் காட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் இந்தக் கதையாடலில் வேலை உடம்பை என்ன செய்தது என்ற கேள்விக்கு இடமே இல்லை.

வெளியிலும் இதே கதைதான். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு ஆள் நாற்பத்தைந்து வயசில் போய்விட்டால் “குட்ச்சே செத்தாம்பா” என்று முடித்துவிடுகிறார்கள். ஊரே எழுதித் தருகிற இறப்புச் சான்றிதழ் இது. ஈரல் மட்டும் குற்றவாளி. நுரையீரல், முதுகுத்தண்டு எல்லாம் விடுதலை. (அந்தக் குடியை 2003 முதல் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக் என்பது வேறு விஷயம்.) நோயாளியிடம் ‘என்ன வேலை செய்கிறாய்?’ என்றும் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700இல் எழுதினார். நாம் இன்னும் ‘குடிப்பியா?’ என்பதிலேயே நிற்கிறோம்.

வயது வந்த ஆண் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. இங்கே அதற்கு மேல் தூக்குகிறவன்தான் ‘ஆம்பள’. இடுப்பு வலிக்குது என்றால் “இன்னாடா, பொம்பள மாதிரி?” என்று சக தொழிலாளியே கேட்பான். மேஸ்திரி வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆண்மை என்பது முதலாளிக்குக் காசு செலவில்லாமல் கிடைத்த கண்காணி. ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு என்ற கணக்கையும் இந்த வீரம்தான் மூடி மறைக்கிறது.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் வந்து படிந்தபோதும் மீனவர்கள் படகில் போய்க் கையால் அள்ளினார்கள். கறுப்பு வழியும் கைகளைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. அழகான படங்கள்தாம், சந்தேகமில்லை. கையுறை எங்கே என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது. வலை இறக்க முடியாத நாளில் அள்ளுவதற்குக் கூலி என்றால் எவன் மாட்டேன் என்பான்? தோல் அரித்தது, கண் எரிந்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. அள்ளியவனின் தோலும் மூச்சும் இதில் படகோடு சேர்த்தியா, குடும்பத்தோடு சேர்த்தியா என்பது எனக்கு விளங்கவில்லை.