விரிசலின் நுனியில் மூன்று இயற்பியல்

சிலிக்கான் படிகத்தில் ஒரு விரிசல் ஓடுகிறது. நுனியில் அறுபடுவது எலக்ட்ரான் பிணைப்பு. அங்கே குவாண்டம் கணக்கு இல்லாமல் தீராது. சற்றுத் தள்ளியுள்ள அணுக்களுக்கு நியூட்டன் விதியே போதும். இன்னும் தொலைவில் அணுவைப் பார்க்கவே வேண்டாம். இழுபட்டு வளையும் திடப்பொருள் என்று கொண்டாலே போதும். முழுவதற்கும் குவாண்டம் கணக்குப் போட்டால் கணினிக்கு மாளாது. முழுவதையும் எளிதாக்கினால் விடை பிசகும். 1985இல் ஸ்டிலிங்கரும் வெபரும் தந்த புகழ்பெற்ற அணுக்களிடை விசைச் சூத்திரம்கூட, சடாரெனப் பிளக்க வேண்டிய சிலிக்கானில் விரிசலின் நுனியை மழுங்கவைத்துவிடுகிறது.

1998இல் ஏபிரகாம், பிராட்டன், பெர்ன்ஸ்டைன், காக்சிராஸ் நால்வரும் மூன்று கணக்குகளையும் ஒரே சிமுலேஷனில் சேர்த்தார்கள். சுமார் பத்து லட்சம் அணுக்கள் நியூட்டன் வழியில். நுனியில் முந்நூறுக்கும் குறைவானவை குவாண்டம் வழியில். வெளியே, திடப்பொருளைக் கண்ணிகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் வலை.

என்னை மயக்குவது இவை சேரும் இடங்கள்தான். தொலைவில் பெரிய கண்ணிகளாக இருக்கும் வலை, உள்ளே வர வரச் சிறுத்து, எல்லையில் ஒரு முடிச்சுக்கு ஓர் அணு என்று பொருந்துகிறது. அங்குள்ள ஆற்றலில் பாதியை வலையும் பாதியை அணுக்கணக்கும் ஏற்கின்றன. குவாண்டம் எல்லையில் சிக்கல் வேறு: துணையற்று நீளும் பிணைப்புகள் எலக்ட்ரான் கணக்கையே கெடுத்துவிடும். அதனால் சிலிக்கான் போலப் பிணைந்து, ஹைட்ரஜன் போல ஒரே பிணைப்போடு நிற்கும் கற்பனை அணுவை அங்கே வைத்தார்கள். அதற்கு 'சைலோஜன்' என்று பெயர்.

விரிசல் முன்னேற, குவாண்டம் வட்டமும் கூடவே நகர வேண்டும். எல்லை சரியாகப் பொருந்தாவிட்டால் அலைகள் அதில் மோதித் திரும்பும். இயற்கையில் இல்லாத எதிரொலி அது. நால்வரின் சிமுலேஷன் ஓட்டத்திலோ நுனியில் கிளம்பிய அலைகள் கண்ணுக்குத் தெரியும் எதிரொலி ஏதுமின்றி வலைக்குள் கடந்து சென்றன. ஒட்டுத் தெரியாத தையல்!

2004இல் சானி, அல்பரே, பேய்ன், டி வீட்டா ஆகியோர் வேறு வழி கண்டார்கள். குவாண்டம் கணக்கு தரும் விசைகளைப் பார்த்து, எளிய சூத்திரம் ஓட்டத்தின் நடுவிலேயே தன் எண்களைத் திருத்திக்கொள்ளும். அந்த வழியில் 2008இல் ஒரு புது உண்மை வெளிப்பட்டது: விரிசல் மெதுவாக ஓடினால் நுனியருகே அணுக்கள் ஐந்தணு, ஏழணு வளையங்களாகத் திருகிக்கொண்டு அதன் பாதையையே விலக்குகின்றன. மெதுவான விரிசல் விலகுவதைப் பரிசோதனையும் காட்டியது.

பல கணக்குகளைச் சேர்க்கும் இந்த முறை சிக்கனத்துக்காகப் பிறந்ததுதான். ஆனால் எங்கே நுணுக்கம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று கணத்துக்குக் கணம் தீர்மானிப்பதற்கு, பொருளை உள்ளும் புறமும் அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவைத்தான் நான் கலை என்கிறேன்.