புகைக்கொடி: கணினிக் காட்சியில் நிலமும் பொழுதும்

கணினி உருவாக்கும் காட்சியைக் கண்கட்டு வித்தை என்று ஒதுக்கும் போக்கு கலைத் திறனாய்வில் உண்டு. நிகழ்ந்ததைப் பதிவு செய்வது ஒளிப்படம். நிகழாததைப் புனைவது கணினி. ஆகவே முன்னது மெய், பின்னது பொய் என்பது இப்போக்கின் அடிப்படை. இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை, அயர்லாந்துக் கலைஞர் ஜான் ஜெரார்டு 2017ஆம் ஆண்டில் படைத்த 'வெஸ்டர்ன் ஃபிளாக்' என்பதைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், போமான்ட் நகரை அடுத்துள்ளது ஸ்பிண்டில்டாப். 1901 சனவரி 10ஆம் நாள் அங்கு எண்ணெய் பீறிட்டெழுந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 பீப்பாய் என மதிப்பிடப்பட்ட அவ்வூற்று ஒன்பது நாள் அடங்கவில்லை. எண்ணெய் வளம் வற்றிய அந்நிலத்தைக் கணினியில் மீட்டுருவாக்கி, அதன் நடுவே ஒரு கம்பத்தை நாட்டுகிறார் ஜெரார்டு. கம்பத்தின் உச்சியிலிருந்து வெளிப்படும் கரும்புகையே கொடியாகப் பறக்கிறது. 2017 ஏப்ரலில், புவி நாளையொட்டி, இலண்டன் சாமர்செட் ஹவுசில் பெருந்திரையில் இது காட்டப்பட்டது.

இது முன்னரே எடுத்து வைத்த படமன்று. ஒவ்வொரு காட்சியையும் மென்பொருள் அவ்வப்போதே உருவாக்குகிறது. டெக்சாசில் பொழுது புலரும்போது திரையிலும் புலரும். அங்கு இருளும்போது இங்கும் இருளும். தொடக்கமும் முடிவும் இல்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். அவ்விரண்டுமே இப்படைப்புக்கும் முதலாக நிற்கின்றன. கொடி புனைவே, அது சுட்டும் நிலமும் பொழுதும் புனைவல்ல. எனவே மெய், பொய் என்னும் எளிய பாகுபாடு இங்குத் தளர்கிறது.

இனி ஒரு தடை எழலாம். கரியமில வாயுவுக்கு நிறமில்லை. கண்ணுக்குப் புலனாகாமல் பரவுவதே அதன் இயல்பு. அதனைக் கரும்புகையாகக் காட்டுவது பொருளைத் திரிப்பதாகாதா எனின், திரிப்பதே. ஆயினும் காணவியலாததைக் காட்டக் கலைக்கு உருவகமே வழி. கொடி என்பது உரிமை கொண்டாடுதலின் குறி. எண்ணெய்க்கு உரிமை கொண்டாடியோர் பலர். அதன் புகைக்கு உரிமை கொண்டாடுவார் இலர். ஏற்க மறுக்கப்பட்ட அவ்வுரிமையை உரியவர்மேல் ஏற்றுகிறது இக்கொடி.

குறை வேறிடத்தில் உள்ளது. புகை அலையலையாக விரியும் அழகில் பார்வையாளர் மயங்கிவிடக்கூடும். மேலும், திரையும் கணினியும் மின்னாற்றலை உண்டே இயங்குகின்றன என்பதைப் படைப்பு உணர்த்துவதில்லை. அப்புகையில் பார்ப்பவருக்கும் படைத்தவருக்கும் பங்குண்டு என்பதையும் அது உணர்த்தியிருப்பின் அதன் வன்மை மிகுந்திருக்கும். எனினும், கணினிக் காட்சி மெய்ம்மையிலிருந்து தப்பிச் செல்லும் வழி மட்டுமன்று, அதனை எதிர்கொள்ளும் வழியுமாகும் என்பதை இப்புகைக்கொடி நிறுவுகின்றது எனலாம்.